பாயிண்ட் சைபர் ஒன்பது

துரைராஜுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். நாச்சாரத்தில் அவனுடைய கிரில் பட்டறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாமல் வந்தவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்கள். அன்று காலை ஒன்பதரைக்கு அடி வாங்கியவன் ஜகதீசன். பதினோரு வருஷமாக அங்கே கம்பி வெட்டுகிறவன்.

அவன் செய்த குற்றம் இதுதான். ஜன்னல் கிரில்லுக்கு அளவு எழுதிக் கொடுத்த தாளில் முப்பத்தாறுக்கு நாற்பத்தெட்டு என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் இன்ச் என்றும் இருந்தது. ஜகதீசன் பொடி எழுத்தைப் பார்க்கவில்லை. பாத்ரூம் ஜன்னலாக்கும் என்று நினைத்துக்கொண்டு சென்டிமீட்டர் கணக்கில் இருபது கம்பிகளை வெட்டித் தள்ளிவிட்டான்.

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அறை இல்லை, குத்து. ஜகதீசனின் கீழுதடு அவன் பல்லிலேயே குத்திக் கிழிந்தது. அதோடு விட்டானா? வெட்டிப் போட்ட கம்பியில் ஒன்றை எடுத்துத் தோளில் ஒரு போடு போட்டான்.

"நம்பருக்குப் பக்கத்துல இன்னா எழுதியிருக்குன்னு பார்க்க மாட்டியா? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு? வெறும் நம்பர வெச்சி நாக்கா வழிக்கறது?"

ஜகதீசன் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். பேசினால் நாலாவது விழும்.

அவன் தலைக்கு மேலே, துளை போடும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், சாக்பீஸால் எழுதிய எண்கள் வரிசையாக இருந்தன. 0.08. 0.09. 0.09. 0.08. 0.09. பட்டறையில் இருந்த எந்தக் கம்பிக்கும் அவை அளவில்லை. துரைராஜின் அண்ணன் சிவஞானத்தின் ரத்தத்தில் இருந்த ட்ரோபோனின் என்ற பொருளின் அளவு அது. இதயத் தசை அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் இருந்து துரைராஜின் போனுக்கு ரிப்போர்ட் வரும், நேராகப் பட்டறைக்கு வந்து சுவரில் எழுதுவான். எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் யாரும் அவன் கிட்டே போகமாட்டார்கள்.

சிவஞானம் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி கிட்னியைத் தின்றுவிட்டு இதயத்திலும் வாய் வைத்துவிட்டது. வாரம் மூன்று நாள் ஹப்சிகுடாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காக அவருடைய இடது முன்கையில் ரத்தக்குழாய் இரண்டை ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கடியில் அது கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு இரவு பகலாக அதிர்ந்துகொண்டே இருக்கும். மல்காஜ்கிரி வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் துரைராஜ் தினமும் அந்தக் கையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான்.

"மோட்டார் ஓடுதுண்ணா."

"ஓடட்டும். ஆயில் போட்டு வை."

அந்தக் கை வீட்டில் ஒரு கைக்குழந்தை மாதிரி. அதில் வாட்ச் கிடையாது, பிரஷர் பட்டை கிடையாது, டயாலிசிஸ் ஊசியைத் தவிர வேறு ஊசி கிடையாது. சிவஞானம் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதுகூட இல்லை. அதில் பாய்கிற வேகத்துக்கு ஒரு கீறல் பட்டாலும் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

போன வருஷம் அங்கே இருந்த பெரிய டாக்டர் துரைராஜை உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார். கிட்னி போனவர்களுக்கு இந்த எண் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அவர் நிலவரம், சட்டென்று ஏறினால்தான் மாரடைப்பு என்று பயப்பட வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷர். "ஆனா இப்படித் தூக்கலா நிக்கறவங்க, நிக்காதவங்கள விடச் சீக்கிரம் போயிடறாங்க. மனச தயார் பண்ணி வெச்சுக்கங்க" என்றும் சொல்லிவிட்டார். துரைராஜ் மேஜைக் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். அதே ஆஸ்பத்திரியில் அவன் கைக்கு நாலு தையல் போட்டார்கள். "எனக்கு ஊசி போடக் கூட்டிட்டு வந்து நீ தையல் போட்டுக்கினு வர்றியேடா" என்று சிவஞானம் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். துரைராஜ் சிரிக்கவில்லை. வெளியே கோபமாகத் தெரிந்ததில் முக்கால்வாசி பயம். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கென்று அதட்ட இருந்தது அந்த ஒரு மனுஷர்தான்.

ஜகதீசனுக்கு நாலாவது விழாமல் போனதற்குக் காரணம் போன். அண்ணி பாமா பேசினாள்.

"தம்பி, அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க பதறாம வாங்க."

பதறாமல் வருவதாவது. ஹப்சிகுடா சிக்னலில் வழிவிடாத ஆட்டோக்காரனின் கண்ணாடியை இடித்து உடைத்துவிட்டு வந்து சேர்ந்தான்.

சிவஞானம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் தம்பியைப் பார்த்ததும் சிரித்தார்.

"காலைல ரெண்டு பெசரட்டு தின்னேன்டா. அதான் மேல ஏறிக்கினு நிக்குது. இவ ஊரையே கூட்டிட்டா."

"ஏப்பம் விட்டுட்டு நெஞ்சப் புடிச்சிக்கினா நான் இன்னா பண்றது?" என்றாள் பாமா.

அப்போது துரைராஜின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பத்து மணிக்கு எடுத்த ரத்தம். வழக்கமாக வருகிற வாட்ஸ்அப் தாள்தான். ட்ரோபோனின் என்ற சொல்லுக்கு எதிரே சிவப்பில் கொட்டை எழுத்தில் 92 என்று இருந்தது.

அவன் இரண்டு முறை பார்த்தான். சுவரில் கடைசியாக எழுதியது பாயிண்ட் சைபர் ஒன்பது. இது தொண்ணூற்றிரண்டு. கம்பிக்கு அளவு போட்டுப் பழகிய மூளை உடனே கணக்குப் போட்டது. ஆயிரம் மடங்கு.

டியூட்டி டாக்டர் சுப்ரியா வந்தாள். இருபத்தெட்டு வயசுகூட இருக்காது. தெலுங்கில் வேகமாகச் சொன்னாள்: ஈசிஜி பழைய மாதிரியேதான் இருக்கிறது, ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுப்போம். ஏறியிருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், அதே இடத்தில் நின்றால் வீட்டுக்குப் போகலாம்.

"மூணு மணி நேரம் வெயிட் பண்ணணுமா?"

"ஆமா சார். அதுதான் முறை. வேற வழியில்ல."

தன் கணக்கை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். சொன்னானா? இல்லை. கேட்டால் மழுப்புவார்கள், அண்ணன் காதில் விழுந்தால் அதிர்ச்சியாகிவிடும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். வாழ்நாளில் அவன் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் தப்பான நேரத்தில். பக்கத்துக் கட்டிலில் யாரோ வாந்தி எடுக்க, சுப்ரியா அங்கே ஓடினாள்.

ஒரு மணிக்கு லேப் டெக்னீஷியன் எட்வின் வந்து வலது கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். எட்வினும் மல்காஜ்கிரிதான், தமிழ்ப் பிள்ளை. அவன் குத்தினால் வலிக்காது என்று சிவஞானம் எப்போதும் அவனைத்தான் கேட்பார். "நாப்பது நிமிஷத்துல வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினைந்து நிமிஷம் போனது. சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சைத் தடவினார். அதே நேரம் நர்ஸ் போனில் எதையோ காட்ட, சுப்ரியா சிரித்தாள். காலையில் இருந்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவை. அது துரைராஜின் கண்ணில் பட்டது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். துரைராஜுக்கு அந்த நேரத்தில் மட்டு என்று சொல்லக்கூட ஒன்றும் மிச்சம் இல்லை.

லேப் நடைவழியின் கோடியில் இருந்தது. முன்னால் ஒரு கவுண்டர், அதன் மேல் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடித் தடுப்பு. பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

"ரிப்போர்ட் எங்கடா?"

"மெஷின்ல ஓடுதுண்ணா. இன்னும் கொஞ்ச நேரம்..."

"ஆயிரம் மடங்கு ஏறிக்கினு இருக்கு. எங்கண்ணன சாவடிச்சிட்டு ரிப்போர்ட் குடுப்பீங்களா?"

எட்வினுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சட்டென்று புரிந்தது. கையை உயர்த்திக்கொண்டு வேகமாகச் சொன்னான். "அய்யோ அண்ணா, அது ஏறல. போன வாரம் மெஷின மாத்திட்டாங்க. இப்ப நம்பர்..."

மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. வாயில் குத்து விழுந்தது. எட்வின் அலமாரியில் மோதி விழுந்தான். காலிக் குழாய்கள் தட்டுத் தட்டாகச் சரிந்து தரையில் உருண்டன. அவன் எழப் பார்த்தபோது துரைராஜ் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்தில் இறக்கினான். பல் உடைகிற சத்தம் கேட்டது. எட்வின் ரத்தத்தோடு இரண்டு பல்லைத் துப்பிவிட்டு, சொல்ல வந்ததை மறுபடி சொல்லப் பார்த்தான். விலாவில் உதை விழுந்தது. கம்ப்யூட்டர் திரை உடைந்தது. கவுண்டர் பக்கமிருந்து தடுக்க வந்த வாட்ச்மேன் மீது ஸ்டூலை வீச, அது கண்ணாடித் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் அவன் தொடையில் இடித்தது. அவன் நொண்டிக்கொண்டே ஓடினான். சட்டத்தில் பாதிக் கண்ணாடி கத்தி கத்தியாக நின்றது.

சுப்ரியா ஓடி வந்தாள். "சார், ப்ளீஸ்..."

"நீ சிரிக்கறியா? எங்கண்ணன் சாவறாரு, உனக்குச் சிரிப்பா?" துரைராஜ் நடைவழிக்கு வந்து அவளைப் பிடிக்கக் கையை நீட்டினான். கிடைத்தது துப்பட்டா. இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் தரையில் இடிபட விழுந்தாள், துப்பட்டாவை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். நர்ஸ்கள் அவளை ஐசியூவுக்குள் இழுத்துக்கொண்டு கதவைத் தாழ் போட்டார்கள். உள்ளே கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

துரைராஜ் கவுண்டருக்குத் திரும்பினான். உள்ளறையில் அந்த மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கீழே கிடந்த ஸ்டூலைத் தூக்கி ஓங்கினான்.

பின்னால் இருந்து யாரோ அவன் கையைப் பிடித்தார்கள்.

"எவன்டா அவன்!" திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு அடிக்கிற வழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது. பிடித்த கையைத் தன் முழு பலத்தோடு உதறி வீசினான். அந்தக் கை உடைந்த கண்ணாடிக்குள் போய் விழுந்தது.

"டேய் தொர..." என்று குரல் கேட்டது.

கட்டிலில் இருந்து எழுந்து, பாமா தடுக்கத் தடுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார் சிவஞானம். ஏழு வருஷமாகக் குழந்தை மாதிரி காப்பாற்றிய இடது கையால்தான் தம்பியைப் பிடித்திருக்கிறார். எது முதலில் நீளுகிறதோ அந்தக் கைதானே நீளும்.

ரத்தம் வழியவில்லை, பீச்சியடித்தது. எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீச்சல். சிவஞானம் அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே சரிந்தார். பாமா அலறிக்கொண்டு புடவைத் தலைப்பைச் சுற்றினாள். தலைப்பு ஒரு நொடியில் நனைந்து சொட்டியது.

"அண்ணா! அண்ணா!" துரைராஜ் தன் சட்டையைக் கிழித்து மேலே சுற்றினான். சுற்றச் சுற்ற நனைந்தது. ஐசியூ கதவுக்கு ஓடினான்.

"டாக்டர்! கதவத் தொறங்க! டாக்டர்!"

இரண்டு கையாலும் அடித்தான். தோளால் மோதினான். அவன் அடிக்க அடிக்க உள்ளே இன்னொரு கட்டிலை இழுத்து முட்டுக் கொடுத்தார்கள். "எங்கண்ணன் செத்துடுவாரு, தொறங்க!" என்று அவன் கத்தியது உள்ளே இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கத்தியது மாதிரியேதான் கேட்டது. வார்த்தையும் கிட்டத்தட்ட அதேதானே. யார் திறப்பார்கள்?

அவன் காலில் விழுந்து கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் அவனை நம்புகிற மனுஷர் ஒருவரும் இல்லை.

எட்வின் தவழ்ந்து வந்தான். முகத்தில் பாதி வீங்கிக் கண் மூடியிருந்தது. பாமாவின் கையைத் தள்ளிவிட்டு, சுற்றிய துணியை எல்லாம் உருவி எறிந்து, பீச்சியடித்த இடத்தில் இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினான். "துணி சுத்தக் கூடாதும்மா, அழுத்தணும்" என்றான். உடைந்த வாயில் சொல் பாதிதான் வந்தது. பிறகு கதவைப் பார்த்து, தெம்பையெல்லாம் திரட்டி, திறக்கச் சொல்லித் தெலுங்கில் கத்தினான்.

"மேடம், எட்வின். தலுப்பு தீயண்டி!"

எட்வின் குரலுக்குக் கதவு திறந்தது. கட்டில்களை நகர்த்தத்தான் நேரமாயிற்று.

சுப்ரியா நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். துரைராஜைத் தாண்டித்தான் போனாள், ஆனால் அவனைப் பார்க்கவில்லை. தரையிலேயே மண்டியிட்டு வேலையைத் தொடங்கினாள். ரத்த பாட்டில் வந்தது. நெஞ்சை அழுத்தினார்கள். டயாலிசிஸ்காரர் உடம்பில் ஏற்கெனவே ரத்தம் குறைவு. பத்து நிமிஷத்தில் போனதைத் திருப்பி ஊற்றுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அரைமணி நேரம் போராடிவிட்டு, முழங்கை வரை சிவப்பாக எழுந்த சுப்ரியா பாமாவிடம் மட்டும் சொன்னாள். பாமா கத்தவில்லை. கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களத் தடுக்கத்தான் எழுந்தாரு தம்பி. 'அந்தப் புள்ளய அடிக்கறான் பாரு, நான் போனாதான் கேப்பான்'னு சொல்லிட்டு எழுந்தாரு."

துரைராஜ் தரையில் உட்கார்ந்தான். அண்ணனின் இடது கையை எடுத்துத் தொடைமேல் வைத்து, காயத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்தான். காலையில் வைக்கிற அதே இடம். ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தான். மறுபடி தள்ளி வைத்தான். சட்டென்று ஏதோ அதிர்ந்தது. "அண்ணா!" என்று துள்ளினான். அதிர்ந்தது பேன்ட் பாக்கெட்டில் இருந்த போன்.

இரண்டாவது ரிப்போர்ட், ஓடி முடித்த மெஷின் தானாகவே அனுப்பியது. ட்ரோபோனின் 91.

அவனுக்குப் புரியவில்லை. ஏறவில்லை என்பது மட்டும் தெரிந்தது. போலீஸ் வந்து தோளைப் பிடித்துத் தூக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜகதீசன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தான். கீழுதடு வீங்கித் தொங்கியது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லச் சொல்லி கான்ஸ்டபிள் துரைராஜின் போனை அவனிடம் கொடுத்தார். கம்பிக்குப் பின்னால் இருந்து துரைராஜ் கூப்பிட்டான்.

"ஜகா, அந்த ரிப்போர்ட்டப் பாருடா. காலைல தொண்ணூத்தி ரெண்டு. மத்தியானம் தொண்ணூத்தி ஒண்ணு. முன்ன எப்பவும் பாயிண்ட் சைபர் ஒன்பதுதான? ஆயிரம் மடங்கு ஏறிட்டு அப்படியே எப்படிடா நிக்கும்? அந்த எட்வின் ஏதோ சொல்ல வந்தான். மெஷின மாத்திட்டாங்கன்னான். இன்னாடா அது?"

ஜகதீசன் விரலால் தள்ளித் தள்ளிப் பழைய தாள்களைப் பார்த்தான். பிறகு புதிய தாளைப் பெரிதாக்கிப் பார்த்தான். மறுபடி பழையதற்குப் போனான்.

"பக்கத்துல எழுதியிருக்குதேண்ணா" என்றான் கடைசியில். குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரிந்தவன் இல்லை அவன். "பழசுல மில்லிக்கு இவ்ளோன்னு போட்டிருக்கான். புதுசுல லிட்டருக்கு இவ்ளோன்னு போட்டிருக்கான். லிட்டருக்கு ஆயிரம் மில்லியாச்சே. ரெண்டும் ஒண்ணுதாண்ணா. பெரியண்ணன் எப்பவும் இருக்கற மாதிரிதான் இருந்திருக்காரு. வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

துரைராஜ் கம்பியைப் பிடித்தான். நல்ல கம்பி, அவன் பட்டறையில் வெட்டுகிற அதே அரை இன்ச் கம்பி. முகத்தை அதன் இடைவெளியில் வைத்து அழுத்தினான்.

"அடிடா. ஜகா, உன் கால்ல விழறேன், என்ன அடிடா."

ஜகதீசன் கையைத் தூக்கவே இல்லை. போனைக் கான்ஸ்டபிள் மேஜையில் வைத்தான்.

"அண்ணி மார்ச்சுவரி வாசல்ல தனியா ஒக்காந்திருக்காங்க. கையெழுத்துப் போட ஒரு ஆம்பள ஆளு வேணுமாம். நான் போறேன்."

அவன் போன பிறகு துரைராஜ் சுவரோரம் உட்கார்ந்தான். வெளியே கான்ஸ்டபிள்கள் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய வலது கை தானாகப் போய்த் தன் இடது முன்கையில் உட்கார்ந்தது, தினமும் காலையில் அண்ணன் கையில் உட்காருகிற மாதிரியே. அவனுக்கு நல்ல கிட்னி, நல்ல இதயம், நல்ல ரத்தக்குழாய். உள்ளங்கைக்குக் கீழே எதுவும் அதிரவில்லை.